வால்டனின் அடியைத் தொட்ட கயிறு

ஹென்றி டேவிட் தோரோ என்ற பேரைக் கேட்டால் நம்மில் நிறைய பேருக்கு முதலில் ஞாபகம் வருவது காந்திதான். வரி கட்ட மாட்டேன் என்று சொல்லி ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்தார், அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை காந்தி தென்னாப்பிரிக்காவில் படித்தார், அவ்வளவுதான் பள்ளிக்கூடப் பாடம். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள், ஏரிக்கரையில் குடிசை போட்டு தனியாக வாழ்ந்த துறவி என்பார்கள். ரெண்டும் தப்பில்லை. ஆனால் இந்த மனிதர் சோற்றுக்காகச் செய்த வேலை சர்வே. காம்பஸும் சங்கிலியும் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்களின் நிலத்தை அளந்து கொடுத்தவர். முதல் வருட சர்வே லேபில் வெயிலில் நின்று செயின் பிடித்த எந்த சிவில் பையனுக்கும் இவர் நம்ம ஆள்.

இந்தக் கட்டுரை அந்த சர்வேயரைப் பற்றியது. குறிப்பாக, அவருக்கும் தண்ணீருக்கும் இருந்த உறவைப் பற்றியது.

தோரோ 1817 ஜூலை 12-ல் பிறந்தார். ஊர் காங்கார்ட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 20 மைல். சட்பரி, அசாபெட் என்று ரெண்டு சின்ன ஆறுகள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாறையடியில் சேர்ந்து காங்கார்ட் ஆறு ஆகின்றன. அது வடக்கே போய் மெர்ரிமாக் என்ற பெரிய ஆற்றில் கலந்து கடலுக்குப் போகிறது. காங்கார்ட் ஆறு ரொம்ப சோம்பேறி ஆறு. ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ஊர் எல்லைக்குள் ஒரே ஒரு தடவைதான் ஆறு பாலத்தை அடித்துக்கொண்டு போனதாம், அதுவும் காற்று தள்ளி மேல்நோக்கிப் போனதாம் என்று ஊரில் ஒரு கேலிக்கதை உண்டு. தோரோவே தன் புத்தகத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். பூர்வகுடிகள் அந்த ஆற்றுக்கு வைத்த பேர் மஸ்கெட்டாக்விட். புல்வெளி ஆறு என்று அர்த்தம். சரியான பேர். கரையின் ரெண்டு பக்கமும் மைல் கணக்கில் ஈரப் புல்வெளி. வசந்தத்தில் வெள்ளம் ஏறி வண்டலைப் போட்டுவிட்டு இறங்கும், கோடையில் அந்தப் புல்லை அறுத்து மாட்டுக்குக் காயவைப்பார்கள். உரம் போட வேண்டாம், விதைக்க வேண்டாம். இந்தப் புல்வெளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் சண்டை இதை வைத்துத்தான்.

அப்பாவுக்கு பென்சில் செய்யும் தொழில். தோரோ ஹார்வர்டில் 1837-ல் படிப்பை முடித்துவிட்டு ஊர்ப் பள்ளியில் வாத்தியார் வேலைக்குப் போனார். பிள்ளைகளை அடிக்கச் சொன்னார்கள், ரெண்டு வாரத்தில் வேலையை விட்டுவிட்டார். பிறகு அண்ணன் ஜானோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பள்ளி நடத்தினார். நடுவில் அப்பாவின் பென்சில் பட்டறையில், கிராஃபைட்டை மாவாக அரைக்க ஒரு வழி கண்டுபிடித்து, களிமண் கலக்கும் விகிதத்தை மாற்றி, அமெரிக்காவிலேயே நல்ல பென்சில் என்று பேர் வாங்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். மெட்டீரியல்ஸ் என்ஜினியரிங் என்ற பேர் வருவதற்கு முன்னாடியே செய்த மெட்டீரியல்ஸ் வேலை. கொஞ்ச நாளில் அதுவும் போர் அடித்துவிட்டது.

1839-ல் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரு வாரம் உழைத்து ஒரு படகு கட்டினார்கள். 15 அடி நீளம், அடியில் பச்சை, ஓரத்தில் நீலம். ஆற்றின் பழைய பேரான மஸ்கெட்டாக்விட் என்பதையே படகுக்கும் வைத்தார்கள். ஆகஸ்ட் 31-ல் கிளம்பி காங்கார்ட் ஆற்றில் கீழே போய், கால்வாய் வழியாக மெர்ரிமாக்கைப் பிடித்து, அதில் மேலே ஏறி, படகைக் கட்டிவிட்டு மலை ஏறி, திரும்பி வந்தார்கள். மொத்தம் ரெண்டு வாரம். ஊர் சுற்றும் வயசுப் பையன்களின் ட்ரிப்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பெண் மேல் ஆசை என்பது தனிக்கதை. ரெண்டு பேரும் கேட்டார்கள், ரெண்டு பேருக்கும் கிடைக்கவில்லை.

1842 ஜனவரியில் ஜான் சவரக்கத்தியைத் தீட்டும்போது விரலில் சின்னதாக வெட்டிக்கொண்டார். டெட்டனஸ். தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து, சில நாளில் தம்பியின் கையிலேயே உயிர் போனது. அப்போது தோரோவுக்கு 24 வயசு. அதற்குப் பிறகு அவருக்கும் அதே அறிகுறிகள் வந்தன. காயம் எதுவும் இல்லை, ஆனால் தாடை இறுகியது. வீட்டார் பயந்துபோனார்கள். மனசு செய்த வேலை, கொஞ்ச நாளில் சரியானது. அந்த வருஷமே அவர் படகை 7 டாலருக்கு விற்றுவிட்டார். வாங்கியது பக்கத்தில் குடிவந்திருந்த எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன். அவர் படகுக்கு அல்லிப்பூ பேரை வைத்தார். அண்ணனோடு கட்டிய படகை ஏன் விற்றார் என்று யோசித்தால் எனக்குப் புரிகிற மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது.

அண்ணனோடு போன பயணத்தை எழுத வேண்டும், அதற்கு ஒரு அமைதியான இடம் வேண்டும். வால்டன் ஏரிக்கரைக்கு அவர் போனதற்கு முக்கியமான காரணம் இதுதான். 1845 ஜூலை 4-ல், நண்பர் எமர்சனின் நிலத்தில், 10 அடிக்கு 15 அடி வீடு ஒன்றைத் தானே கட்டிக் குடி போனார். செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். கணக்கை ஆணி விலை வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார். ஊரிலிருந்து ஒன்றரை மைல்தான், அடிக்கடி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். இதை வைத்து இன்றைக்கு இணையத்தில் அவரை ஃபிராடு என்று கிண்டல் செய்கிறார்கள். அடர்ந்த காட்டில் இருக்கிறேன் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை, நாமே கற்பனை செய்துகொண்டு நாமே ஏமாந்தால் அவர் என்ன செய்வார்?

வால்டன் ஒரு விசித்திரமான ஏரி. உள்ளே வரும் ஓடையும் கிடையாது, வெளியே போகும் ஓடையும் கிடையாது. பனியுகத்தில் ஒரு பெரிய ஐஸ் கட்டி மணலில் புதைந்து உருகி உண்டான பள்ளம் என்று இப்போது சொல்கிறார்கள். நிலத்தடி நீர்தான் அதற்கு ஆதாரம். அதனால் மழை பெய்த உடனே ஏறாது, வெயில் அடித்த உடனே இறங்காது, வருஷக்கணக்கில் மெதுவாக ஏறி இறங்கும். ஊர்ப் பெரியவர்கள் அதற்கு அடியே கிடையாது என்று நம்பினார்கள். நம்ம ஊர்களில் கூட ஏதாவது ஒரு கிணற்றையோ மடுவையோ காட்டி இதே கதையைச் சொல்வார்கள், ஏழு கட்டில் கயிறு விட்டும் எட்டவில்லை என்று. ஒருத்தரும் கயிறு விட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தோரோ விட்டுப் பார்த்தார். 1846 ஆரம்பத்தில், ஏரி முழுக்க ஐஸ் உறைந்திருந்தபோது, காம்பஸ், சங்கிலி, ஒரு மீன்பிடிக் கயிறு, அதன் நுனியில் ஒன்றரை பவுண்டு கல். உறைந்த ஏரி சர்வேக்கு செம வசதி என்பதைக் கவனியுங்கள். படகு ஆடாது, புள்ளி நகராது, நேர்கோட்டில் நடந்து ஓட்டை போட்டுக்கொண்டே போகலாம். நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆழம் பார்த்தார். கல் தரையைத் தொட்டதா என்று எப்படித் தெரியும்? மேலே இழுக்கும்போது, கல்லுக்கு அடியில் தண்ணீர் புகுந்து தாங்கும் வரைக்கும் கை அதிகமாக இழுக்க வேண்டியிருக்கும். அந்த வித்தியாசம்தான் அடி. சென்சார் எதுவும் கிடையாது, கைதான் சென்சார். அதிகபட்ச ஆழம் 102 அடி என்று வந்தது. அடுத்த நூற்றாண்டில் நவீனக் கருவிகளோடு வந்து அளந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான் கிடைத்தது.

வரைபடத்தைப் போட்ட பிறகு ஸ்கேலை நீளவாக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு குறுக்குவாக்கில். அதிக நீளக் கோடும் அதிக அகலக் கோடும் வெட்டும் இடத்திலேயே அதிக ஆழம். இது தற்செயலா என்று பார்க்க வொயிட் பாண்ட் என்ற வேறு ஏரிக்குப் போய், கரையின் வடிவத்தை மட்டும் வைத்து ஆழமான இடத்தை முன்கூட்டியே குறித்தார். நிஜமான ஆழமான இடம் அதிலிருந்து 100 அடிக்குள் இருந்தது, ஆழத்தில் ஒரே ஒரு அடி வித்தியாசம். ரெண்டே ஏரியை வைத்து விதி சொல்ல முடியாதுதான், அது எல்லா ஏரிக்கும் பொருந்தவும் செய்யாது. ஆனால் ஒரு ஊகத்தை வேறு டேட்டாவில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அது பெரிய விஷயம். மூடநம்பிக்கையை உடைத்துவிட்டோம் என்ற கர்வமும் அவருக்கு வரவில்லை. ஏரிக்கு அடி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் மனுஷனுக்கு அடியில்லாத ஏதோ ஒன்று தேவைப்படுகிறது என்று அவர் நினைத்தார். அளந்தால் ரசனை போய்விடும் என்று சொல்பவர்களுக்கு இவர் ஒரு பதில்.

அடுத்த குளிர்காலத்தில், 1846-47-ல், ஏரிக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். நூறு ஐரிஷ் கூலிக்காரர்கள், மேற்பார்வைக்கு ஆட்கள், குதிரைகள், ரம்பங்கள். ஐஸ் அறுக்க. நல்ல நாளில் ஆயிரம் டன் எடுத்தார்கள். வைக்கோலும் பலகையும் போட்டு மூடி, 35 அடி உயரத்துக்கு ஐஸ் மலை ஒன்றைக் கரையில் அடுக்கினார்கள். அந்தக் காலத்தில் பாஸ்டன் ஐஸ் ஒரு பெரிய ஏற்றுமதி வியாபாரம். ஃபிரெடரிக் டியூடர் என்பவர் அதில் ராஜா. மரத்தூளில் புதைத்து, கப்பலில் ஏற்றி, நான்கு மாதம் கடலில் வந்து 1833-ல் கல்கத்தாவில் இறக்கினார்கள். சென்னைக்கும் வந்தது. மெரினாவில் இருக்கும் விவேகானந்தர் இல்லம் அந்த ஐஸைச் சேமிக்கக் கட்டிய கிடங்குதான், அதனால்தான் அந்த ஏரியாவுக்கே இன்னும் ஐஸ் ஹவுஸ் என்று பேர். தோரோவுக்கு இந்த வியாபாரம் தெரியும். காலையில் கீதையைப் படித்துவிட்டு தண்ணீர் எடுக்கப் போகிறவர் அவர். தன் ஏரியின் தண்ணீரை மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் குடிப்பதாகவும், வால்டன் நீர் கங்கையோடு கலப்பதாகவும் கற்பனை செய்து எழுதினார். அவர் பார்த்த அந்தக் குறிப்பிட்ட ஐஸ் மலைக்கு நடந்தது வேறு. பெரும்பகுதி சந்தைக்கே போகவில்லை. கரையிலேயே கிடந்து, 1848 செப்டம்பரில்தான் முழுசாக உருகி முடிந்தது. எடுத்ததில் பெரும்பங்கை ஏரி திரும்ப வாங்கிக்கொண்டது.

அவர் 1847 செப்டம்பரில் வால்டனை விட்டுக் கிளம்பினார். அண்ணனோடு போன ஆற்றுப் பயணப் புத்தகம் 1849-ல் வந்தது. சொந்தப் பொறுப்பில் ஆயிரம் பிரதி. விற்கவில்லை. 1853-ல் பதிப்பாளர் மீதி 706 பிரதியை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். தோரோ அதை முதுகில் சுமந்து மாடி அறையில் அடுக்கினார். கடனை அடைக்க வேண்டும். ஏற்கெனவே பள்ளியில் பாடம் சொல்ல வாங்கிய காம்பஸ் இருந்தது. முழுநேர சர்வேயர் ஆனார்.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் பேசுவதில்லை. காட்டை அளக்கக் கூப்பிடுவார்கள். எல்லை குறித்துக் கொடுப்பார், கூலி வாங்குவார். கொஞ்ச நாளில் நிலக்காரர் மரத்தை வெட்டி விற்பார். அளந்தது எதற்கு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் நேசித்த காட்டின் பல துண்டுகள் அவர் வரைபடத்தோடுதான் விறகாகப் போயின. இதில் அவர் கையும் சுத்தமில்லை. 1844 ஏப்ரலில் நண்பரோடு ஆற்றில் போனபோது, பிடித்த மீனைச் சமைக்க காய்ந்த புல் பக்கத்தில் தீ மூட்டி, சுமார் 300 ஏக்கர் காட்டைக் கொளுத்திவிட்டவர் அவர். ஓடிப்போய் ஆள் கூப்பிட்டார், பிறகு ஒரு குன்றின் மேல் நின்று எரிவதைப் பார்த்தார். காடு எரித்தவன் என்று ஊர் ரொம்ப நாள் முதுகுக்குப் பின்னால் பேசியது. ஆறு வருஷம் கழித்துத்தான் அதைத் தன் நாட்குறிப்பில் முழுசாக எழுதினார்.

அந்த நாட்குறிப்பு 1837-ல் தொடங்கி 1861 வரை ஓடியது, சுமார் இருபது லட்சம் வார்த்தைகள். 1850-களில் அது ஃபீல்டு புக் மாதிரியே ஆகிவிடுகிறது. தினமும் மத்தியானம் நடை, நடையில் குறிப்பு, மறுநாள் காலை விரித்து எழுதுதல். தொப்பிக்கு உள்ளே ஒரு சின்னத் தட்டு அமைத்து, பறித்த செடிகளை அதில் வைத்துக் கொண்டுவருவார். தலையின் ஈரத்தில் செடி வாடாதாம்.

வருஷம் முழுக்க அவர் ஆற்றோடு எப்படி இருந்தார் என்று பார்த்தால் பொறாமையாக இருக்கும். மார்ச்சில் ஐஸ் உடையும், புல்வெளி முழுக்க வெள்ளம் ஏறி ஊரே ஏரி மாதிரி ஆகும். படகின் இடுக்கில் தார் பூசி இறக்கிவிடுவார், பாய் கட்டி மேய்ச்சல் நிலத்து வேலிக்கு மேலேயே ஓட்டுவார். அதே சமயம் ரயில் பாதைக்காக வெட்டிய மணல் சரிவில் பனி உருகும். ஈர மணல் வழிந்து வழிந்து இலை மாதிரி, பவளம் மாதிரி, நுரையீரல் மாதிரி வடிவம் எடுக்கும். நாம் ஸ்லோப் ஃபெயிலியர் என்று ரெண்டு மார்க்குக்கு எழுதிவிட்டுப் போகிற விஷயத்தை அவர் மணிக்கணக்கில் பார்த்தார். பூமி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அவர் கண்ட சாட்சி அந்த மணல்தான். 'வால்டன்' புத்தகத்தின் உச்சமான இடங்களில் அது ஒன்று.

ஏப்ரலில் ஒரு இஞ்ச் அளவு தவளைகள் சதுப்பிலிருந்து கத்தும். எந்தத் தேதியில் எது முதலில் கத்தியது என்று குறிப்பார். ஜூலையில் விடியும் முன்னே போய், சூரிய வெளிச்சம் பட்டதும் அல்லி விரிவதைப் பார்ப்பார். புழுக்கம் தாங்காத நாளில் துணியைக் கழற்றிவிட்டு, தலையில் தொப்பி மட்டும் வைத்துக்கொண்டு, அசாபெட் ஆற்றுக்குள்ளேயே நடப்பார். கரையோரமாக இல்லை, ஆற்றின் நடுவில். எங்கே மணல், எங்கே சேறு, எங்கே திடீரென்று கழுத்தளவு என்று காலே சொல்லும். ஊர்க்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. அக்டோபரில் உதிர்ந்த இலைகள் படகைச் சுற்றி ஒரு கப்பல் படை மாதிரி மிதக்கும். மஸ்க்ராட் என்ற நீர் எலிகள் குளிருக்கு முன் புல்லால் வீடு கட்டும், அதன் உயரத்தைப் பார்ப்பார். ஐஸ் ஒரு இஞ்ச் பிடித்ததும் அதன் மேல் குப்புறப் படுத்து, கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஏரியின் தரையையும் ஐஸுக்குள் மாட்டிய காற்றுக் குமிழிகளையும் பார்ப்பார். ஆறு உறைந்தால் ஸ்கேட்டிங் போட்டு மைல் கணக்கில் போவார். படகில் போக முடியாத இடத்துக்கும் அப்போது போகலாம்.

சதுப்பு நிலம் என்றால் அவருக்கு உயிர். அந்தக் காலத்தில் சதுப்பு என்றால் வீண் நிலம், வடிகால் வெட்டிக் காயவைக்க வேண்டிய இடம். இவரோ நல்ல தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டைவிட சதுப்புக்குப் பக்கத்து வீடே மேல் என்று நினைத்தவர். ஊரின் உயிர்ச்சத்து அங்கேதான் இருக்கிறது என்பது அவர் கட்சி. அவர் சொன்ன காரணம் கொஞ்சம் ஆன்மிகமானது. வெள்ளத்தை உறிஞ்சி வைப்பது, நீரை வடிகட்டுவது என்று நாம் இன்று அடுக்குகிற காரணங்கள் வேறு. முடிவு மட்டும் ஒன்றுதான்.

'வால்டன்' ஏழு தடவை திருத்தி எழுதப்பட்டு 1854 ஆகஸ்டில் வெளிவந்தது. அதில் ஏரியின் ஐஸ் முழுசாக உடைந்த தேதிகளைக் கொடுத்திருக்கிறார்: 1845-ல் ஏப்ரல் 1, 46-ல் மார்ச் 25, 47-ல் ஏப்ரல் 8, 51-ல் மார்ச் 28, 52-ல் ஏப்ரல் 18, 53-ல் மார்ச் 23, 54-ல் ஏப்ரல் 7 வாக்கில். இலக்கியப் புத்தகத்தில் இதெல்லாம் எதற்கு என்று அப்போது படித்தவர்கள் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

இப்போது அந்தப் புல்வெளிச் சண்டைக்கு வருவோம். காங்கார்ட் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பில்லரிகா என்ற இடத்தில் ஒரு அணை. முதலில் ஆலைக்காக, பிறகு கால்வாய்க் கம்பெனிக்காக, படிப்படியாக உயர்த்தினார்கள். அதற்கு முன் கடலிலிருந்து ஷாட் என்ற மீன் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். நம்ம உல்லம் மீனுக்கு உறவு. அணைகள் வந்ததும் நின்றுபோனது. மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியில் ஏறி வந்த உல்லத்துக்கும் இதே கதிதான். தோரோ முதல் புத்தகத்திலேயே அந்த மீன்களின் கட்சியில் நின்று, ஒரு கடப்பாரை அந்த அணையை என்ன செய்யும் என்று யோசித்திருக்கிறார்.

மேலே இருந்த விவசாயிகளுக்கு வேறு கவலை. கோடையில் வடிய வேண்டிய தண்ணீர் வடியவில்லை. ஆகஸ்டில் புல்வெளியில் தண்ணீர் நின்றால் அந்த வருஷப் புல் போச்சு, வண்டி இறங்காது, நல்ல புல் அழிந்து கோரை ஏறும். அவர்கள் சங்கம் சேர்ந்து வழக்குக்குத் தயாரானார்கள். 1859-ல் தோரோவை வேலைக்கு வைத்தார்கள். கேட்டது சின்ன வேலை: ஆற்றில் உள்ள பாலங்கள் எப்போது கட்டினது, எத்தனை கால், எவ்வளவு இடைவெளி, எப்போது மாற்றினது என்று ஒரு பட்டியல்.

பட்டியல் முடிந்தது. தோரோ நிறுத்தவில்லை. அந்தக் கோடை முழுக்கப் படகில் போய் ஆழம், அகலம், நீரோட்டத்தின் வேகம், அடியில் மணலா சேறா, எந்த இடத்தில் எந்தக் களை என்று அளந்துகொண்டே போனார். 1834-ல் போட்ட பழைய ஆற்று வரைபடம் ஒன்றை நகலெடுத்து, சுமார் 22 மைல் ஆற்றை ஒரு நீளமான சுருளில் வைத்து, மில்லிமீட்டர் இடம் விடாமல் குறிப்பு எழுதினார். அடுத்த வருஷமும் தொடர்ந்தார். யாரும் இதற்குக் காசு கொடுக்கவில்லை.

அளந்ததில் என்ன தெரிந்தது? கதை ஒரு அணையோடு முடியவில்லை. ஆற்றுக்கு வாட்டமே கிடையாது, அதனால் கீழே கொஞ்சம் தடுத்தாலும் மேலே ரொம்ப தூரம் தேங்கும். நடுவில் மணல் திட்டுகள், பாலங்களின் கால்கள், கோடையில் அடர்ந்து வளரும் களைகள், எல்லாமே தண்ணீரைப் பிடித்து நிறுத்தின. மேலே அசாபெட்டில் இருந்த ஆலைகள் ராத்திரியும் ஞாயிறும் தண்ணீரைப் பிடித்து வைத்து வேலை நேரத்தில் திறந்துவிட்டன. ஆற்றின் மட்டம் வாரத்தின் கிழமையைச் சொன்னது. இயற்கை என்று நினைத்து இருபது வருஷம் அவர் படகு ஓட்டிய ஆறு, பாதி மனுஷன் செய்தது. அவர் ஆசையாகப் பாய் கட்டிய அகலமான தண்ணீர் பரப்பில் அந்த அணைக்கும் பங்கு உண்டு. இதற்கு அவர் தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. எண்களை எழுதினார். எனக்கு இது 'வால்டன்' புத்தகத்தைவிடப் பிடித்திருக்கிறது. இருபது வருஷம் நேசித்த ஒன்றைத் தன் கையாலேயே அளந்து, அது தான் நினைத்த மாதிரி இல்லை என்று தெரிந்த பிறகும் அளப்பதை நிறுத்தாமல் இருப்பது லேசான காரியம் இல்லை.

1860-ல் சட்டசபை அணையை 33 இஞ்ச் குறைக்கச் சட்டம் போட்டது. ஆலைக்காரர்கள் விடவில்லை. 1861-ல் நிறுத்தி வைத்தார்கள், ஆய்வுக்கு ஆள் போட்டார்கள், 1862-ல் சட்டத்தையே ரத்து செய்தார்கள். விவசாயிகள் தோற்றார்கள்.

அதற்குள் தோரோ படுத்துவிட்டார். 1860 டிசம்பரில் ஆலங்கட்டி மாதிரிப் பனிமழை கொட்டிய ஒரு நாளில், வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தபோது சளி பிடித்தது. அது காசநோயாகத் திரும்பியது. குடும்பத்தில் ஏற்கெனவே இருந்த நோய், பென்சில் பட்டறையின் கிராஃபைட் தூசியும் சேர்ந்திருக்கலாம் என்பார்கள். காற்று மாற மினசோட்டா வரைக்கும் போய்ப் பார்த்தார், பயனில்லை. கடைசி மாதங்களில் தன் இருபது வருஷக் குறிப்புகளை எல்லாம் பிரித்து, மாதவாரியாகப் பெரிய தாள்களில் கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். குறுக்கே வருஷம், நெடுக்கே நிகழ்வு. எந்தப் பூ எப்போது, எந்தப் பறவை எப்போது, ஆறு எவ்வளவு உயரம். நாம் எக்செல் ஷீட்டில் செய்வதைத்தான் அவர் கையால் செய்தார். முடிக்கவில்லை.

1862 மே 6 காலையில், தங்கை சோஃபியா அந்த விற்காத முதல் புத்தகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். அண்ணனும் தம்பியும் வீடு திரும்பும் பகுதி. படகு ஒரு கிளை ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டும் வரி வந்ததும், இனிமேல் படகு நன்றாகப் போகும் என்கிற மாதிரி ஏதோ சொன்னார் என்று வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். 44 வயசு.

நாட்குறிப்பு 1906-ல் 14 தொகுதிகளாக அச்சில் வந்தது. இன்னும் நூறு வருஷம் கழித்து, பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் பருவநிலை மாற்றத்துக்குப் பழைய டேட்டா தேடிக்கொண்டிருந்தபோது அந்தக் கட்டம் போட்ட தாள்கள் கையில் கிடைத்தன. அதே காங்கார்டில், அதே செடிகளைத் தேடிப்போய் முதல் பூவின் தேதியைக் குறித்தார்கள். சராசரியாகப் பத்து நாள் வரை முன்னதாகப் பூக்கிறது. சில செடிகள் ஊரிலேயே இல்லை. வால்டனின் ஐஸ், தோரோ காலத்தைவிட சுமார் இரண்டு வாரம் முன்னதாக உடைகிறது. அந்த ஏழு தேதிகள் இல்லையென்றால் இந்த ஒப்பீடே கிடையாது.

ஆற்றுச் சுருள் காங்கார்ட் ஊர் நூலகத்தில் இருக்கிறது. தோரோவின் மற்ற சர்வே வரைபடங்களும் அங்கேதான். பில்லரிகாவில் அணை வழக்கில் ஜெயித்து, ஆலையெல்லாம் மூடிய பிறகும் அப்படியே நின்றது. ஷாட் மீனும் அதன் உறவு மீன்களும் மறுபடி ஏறி வர வேண்டும் என்பதற்காக அதை எடுத்துவிடலாமா என்று இந்த நூற்றாண்டில்தான் என்ஜினியர்கள் திட்டம் போட ஆரம்பித்தார்கள்.